கீழே பாருங்க

என் வீட்டுக்காரர் கட்டிங் மாஸ்டர். மேசைமேல் துணியை விரித்து, சாக்கட்டியால் கோடு போட்டு கத்தரியை ஓட்டினால் நூல் பிசகாது. தைப்பது நான். இந்த ஒரு வருடமாக அவர் கோட்டை விட்டு விலகி வெட்டுகிறார், சோற்றைச் சட்டையில் சிந்துகிறார், நின்ற இடத்திலேயே மல்லாக்க விழுகிறார். நானும் வாயை மூடிக்கொண்டு இருக்கிற ஆளில்லை. “எங்கே பார்த்துட்டு வெட்டுறீங்க? கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?” என்று துணி கொடுக்க வந்தவர்கள் முன்னாலேயே கத்துவேன்.

கண்ணாடிக் கடையில் சோதித்தார்கள். பார்வை பழுதில்லை. நரம்பு டாக்டரம்மாதான் பார்க்கின்சன் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். எனக்கு உள்ளூர நிம்மதி. என் நாத்தனார் புருஷனுக்கும் அதே வியாதிதான். மாத்திரையைப் போட்டுக்கொண்டு மனுஷன் இன்னும் சைக்கிள் ஓட்டுகிறார். ஆனால் எங்கள் வீட்டில் மாத்திரை தீர்ந்ததே தவிர ஒரு பிரயோஜனமும் இல்லை. போன தடவை டாக்டரம்மா ஒரு பேனாவை இவர் முகத்துக்கு முன்னால் மேலும் கீழும் அசைத்துப் பார்த்துவிட்டு, என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“கண்ணு கீழ இறங்கத் தயங்குதும்மா. அடுத்த தடவையும் இப்படியே இருந்தா இது பார்க்கின்சன் இல்ல. பார்க்க அதே மாதிரி இருக்கிற வேற வியாதி. அது மாத்திரைக்குக் கேக்காது.”

கேக்காதாமே! நான் விடுவேனா? மறுநாளே வீட்டில் பாடம் ஆரம்பித்துவிட்டேன். கடை திறக்கும் முன் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணுக்கு நேரே சாக்கட்டியைப் பிடித்து மெல்ல இறக்குவேன்.

“கீழ பாருங்க... கீழ, கீழ... ஐயோ, என் மூஞ்சியையே முறைக்காதீங்க!”

“மூஞ்சியைப் பார்த்துப் பேசுங்கன்னு இத்தனை வருஷமா கத்தினவ நீதானே?” என்றார், குழறும் குரலில். அவர் முகம் சிரிப்பதை நிறுத்தி ரொம்ப நாளாயிற்று. சிரித்தது நான்தான்.

கண் இறங்கினால்தானே! கடைசியில் ஒரு குறுக்குவழி சொல்லிக்கொடுத்தேன். “கண்ணு வரலைன்னா மோவாயைக் கொஞ்சூண்டு இறக்குங்க. நைஸா. அந்தம்மாவுக்குத் தெரியவா போகுது?” கல்யாணமான நாளிலிருந்து சொன்ன பேச்சுக் கேட்காத மனுஷன், இதைக் கேட்டார். கழுத்து இறுகிக் கிடந்தாலும் முக்கி முனகிப் பழகினார்.

அடுத்த தடவை போனபோது டாக்டரம்மா பேனாவை இறக்கினார். இவர் மோவாயை இறக்கினார்.

“தலையை ஆட்டாதீங்கய்யா. கண்ணு மட்டும்.” நெற்றியில் கையை வைத்து நிறுத்திவிட்டார்.

பேனா கீழே போனது. கண் போகவில்லை. இமைகூடத் தட்டாமல் எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கையிலிருந்த கடைச் சாவியை வேண்டுமென்றே அவர் காலடியில் போட்டேன். சத்தம் கேட்டு டாக்டரம்மா குனிந்து பார்த்தார். இவர் பார்க்கவில்லை.

டாக்டரம்மா சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டு, பேனாவையும் என்னிடம் நீட்டினார். “இதை அவரு கண்ணுக்கு நேரா அசையாமப் பிடிங்கம்மா. ஐயா, நீங்க பேனாவை மட்டும் பாருங்க.” பின்னால் போய் இவர் தலையை இரண்டு கையாலும் பிடித்து, மெதுவாக அண்ணாத்தினார். தலை மேலே போகப்போக, பேனாவை விடாமல் பார்த்துக்கொண்டிருந்த கண்கள் வழுக்கிக்கொண்டு கீழே வந்தன.

“இறங்கிடுச்சு!” கத்தியேவிட்டேன். “டாக்டரம்மா, கண்ணு இறங்கிடுச்சு பாருங்க! நான் சொன்னேன்ல!”

டாக்டரம்மா இவர் தலையை நேராக்கிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“நானும் அதைத்தாம்மா பார்க்க நெனச்சேன். கண்ணோட தசையில கோளாறு இல்ல. தலையை நாம அசைச்சா தானா இறங்குது. அவரா பார்க்கணும்னு நெனச்சா இறங்கல. மூளை போடுற உத்தரவு கண்ணுக்கு வந்து சேரல. அந்த இன்னொரு வியாதிக்கு முக்கியமான அடையாளமே இதுதான்.”

நான் பேனாவை இன்னும் நீட்டிக்கொண்டே இருந்தேன்.

“அப்ப மாத்திரை?”

“பெருசா உதவாது. விழாமப் பார்த்துக்கணும். போகப்போக முழுங்கறதும் கஷ்டமாகும். பயிற்சி சொல்லித் தர்றோம், நாங்க கூட இருப்போம்.”

ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. டாக்டரம்மா மேல், என் மேல், சைக்கிள் ஓட்டும் அந்த நாத்தனார் புருஷன் மேலும்கூட. அந்த மனுஷன் என்ன பாவம் செய்தார்? இருந்தாலும் வந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் படிக்கட்டு. அவர் மேல்படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். விழுந்தால் தாங்கிக்கொள்ளலாம் என்று நான் முன்னால் இரண்டு படி இறங்கி, அவர் பக்கம் திரும்பி, பேசாமல் கையை நீட்டினேன். பேசினால் அழுதுவிடுவேன்.

அவர் என் தலைக்கு மேலாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றுமில்லை. குரல் மட்டும் பதறியது.

“ஏய், எங்கடி போயிட்ட?”

கையெட்டும் தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். மறுபடி படியேறி அவர் முகத்துக்கு நேரே போய் நின்றேன்.

“எங்கயும் போகல,” என்றேன்.