இரண்டாவது பிரேக்

பட்டியல் பூட்டப்பட இன்னும் நாற்பத்தேழு மணி நேரம் இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணி. ஞாயிறு மாலை ஆறு மணிக்குக் கல்லூரிச் சேர்க்கைக்கான இணையப் பக்கம் மூடிக்கொள்ளும். எந்தக் கல்லூரி, எந்தப் பாடம், எது முதலில் என்று அந்த நிமிடத்தில் பட்டியலில் என்ன இருக்கிறதோ, அதுதான் அடுத்த நான்கு வருடம்.

வேலையிலிருந்து வந்து நான் செருப்பைக் கழற்றுவதற்குள் தங்கை மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டாள்.

"பாரு. ஒண்ணு, மெக்கானிக்கல். ரெண்டு, மெக்கானிக்கல். மூணு..."

"மெக்கானிக்கலா?"

"எப்படிக்கா கண்டுபிடிச்ச? சயின்ஸ் படிச்சவன்னா சும்மாவா!"

அவளை வீட்டில் ஸ்பேனர் என்றுதான் கூப்பிடுவோம். அப்பா வைத்த பெயர். அப்பா கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். பயிற்சிக் காரில் கற்றுக்கொள்பவர் காலடியில் ஒரு பிரேக், பக்கத்து இருக்கையில் அப்பாவின் காலடியில் இன்னொன்று. பத்து வயதில் ஸ்பேனர் அந்த இரண்டாவது பிரேக்கை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, அப்பா வருவதற்குள் திரும்ப மாட்டியும் விட்டாள். ஒரு வாஷர் மட்டும் மிச்சமாகிவிட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். "வாஷர் மிஞ்சினா அது கம்பெனிக்காரன் தப்பு, எம்பொண்ணு தப்பு இல்ல" என்று அப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம்.

"நான் உன்ன மாதிரி மார்க்கக் கோட்ட விடல. எனக்குக் கண்டிப்பா கிடைச்சிடும்" என்றாள் ஸ்பேனர்.

குத்திக்காட்டவில்லை. மழை பெய்தது என்பதுபோல் சொன்னாள். ஐந்து வருடத்துக்கு முன் நானும் இதே பாடத்துக்குத்தான் போட்டேன். வந்தது வேதியியல், வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் பெண்கள் கல்லூரியில். மூத்தவளுக்கு மார்க் பத்தவில்லை என்று அன்று வீட்டில் ஒரு பேச்சு எழுந்தது. அது உறவு முழுக்கச் சுற்றி, அவரவர் வீட்டுப் பிள்ளைகளை மிரட்டவும் பயன்பட்டது. ஸ்பேனர் இரண்டு வருடம் அந்தப் பேச்சுக்குப் பயந்தே படித்தாள்.

சொல்ல என்னிடம் ஒன்று இருந்தது. இரண்டு வருடமாக இருந்தது. எனக்குப் பேச வராது. பேருந்தில் யாராவது என் காலை மிதித்தால் நான்தான் மன்னிப்புக் கேட்பேன்.

"பட்டியல மாத்தணும்னா அந்த ஓடிபி குறியீடு யார் போனுக்கு வரும்?" என்று மட்டும் கேட்டேன்.

"அப்பாவுக்கு. நீதானே ஃபாரம் நிரப்பின?"

நான்தான். எங்கள் வீட்டில் வங்கி, மின்சாரம், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று எந்தப் படிவமாக இருந்தாலும் தொலைபேசி எண் கேட்கும் இடத்தில் அப்பாவின் எண்தான். எனக்குச் சொந்த எண் கிடைத்து ஐந்து வருடமாகிறது. ஆனாலும் கை அந்த எண்ணைத்தான் எழுதுகிறது. முப்பத்தெட்டில் முடியும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எல்லாம் தெரிந்த பிறகும் தங்கையின் படிவத்தில் அதை எழுதியது என் கை.

"உன் நம்பருக்கு மாத்திடு."

"மாத்தறதுக்கும் அந்த நம்பருக்குத்தான் குறியீடு வரும். அப்பாவைக் கேக்கணும். எதுக்குக்கா? பட்டியலத் தூக்கிக்கிட்டு ஓடியா போயிடுவாரு?"

அவள் சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன். அந்தச் சிரிப்புக்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

சனிக்கிழமை எனக்கு அரை நாள் வேலை. பெயின்ட் தொழிற்சாலையின் ஆய்வகம். கலக்கும் தொட்டிகள் உயரமான மேடைமேல் இருக்கின்றன. கலவையில் ஏதாவது பிசகினால் மேலே போய்ப் பார்க்க வேண்டியவள் நான். மேற்பார்வையாளர் விடமாட்டார்.

"மேல வேண்டாம்மா. மெஷின்ல முடி மாட்டிக்கும்."

"எனக்குக் கழுத்துவரைக்கும்தானே சார் முடி?"

"வளருமில்ல?"

இரண்டு வருடமாக இதே பதில். முடியும் வளரவில்லை, நானும் மேலே ஏறவில்லை.

ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு கலவையிலிருந்தும் ஒரு சின்ன டப்பா எடுத்து, தேதி ஒட்டி அலமாரியில் வைப்போம். வாங்கியவர் நிறம் மாறிப்போச்சு என்று சண்டைக்கு வந்தால் அந்த டப்பாவைத் திறப்போம். யார் சொல்வது பொய் என்று தெரிந்துவிடும். இரண்டு வருடம் யாரும் கேட்கவில்லையென்றால் எடுத்து அப்புறப்படுத்திவிடலாம். அன்று காலை என் கையில் இருந்தது அந்த வேலைதான். கடைசித் தட்டில், நான் வேலைக்குச் சேர்ந்த மாதத்து டப்பாக்களுக்குப் பின்னால், பிளாஸ்டிக் உறையில் மடித்த ஒரு தாள் இருந்தது. அதிலும் தேதி ஒட்டியிருந்தேன். இரண்டு வருடம் முடிந்து நான்கு நாள். வேலைக்குச் சேரும்போது ஏதோ எண் தேவைப்பட்டுச் சேர்க்கைப் பக்கத்தில் என் பழைய கணக்கைத் திறந்தேன். அதிலிருந்து அச்செடுத்த தாள். வீட்டில் வைக்க இடமில்லாமல் இங்கே வைத்திருந்தேன். குப்பைத் தொட்டிவரை கொண்டுபோனேன். பிறகு கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

மதியம் ஸ்பேனரின் பள்ளியில் கூட்டம். பெண்களும் பொறியியலும் என்று துணியில் எழுதிக் கட்டியிருந்தார்கள். பெற்றோர் சார்பில் ஒருவர் பேசட்டும் என்று இயற்பியல் டீச்சர் அப்பாவைக் கூப்பிட்டார். அப்பாவுக்குக் கேட்க வேண்டுமா! சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு மேடையேறினார்.

"இருபது வருஷமா பொம்பளைங்களுக்கு வண்டி ஓட்டக் கத்துக் குடுக்கறேன். பிடிச்சிருக்கறது யார் கைன்னு கியருக்குத் தெரியுமா? தெரியாது. எல்லா மெஷினும் அப்படித்தான். பொண்ணுங்க ஆசப்பட்டதப் படிக்கட்டும். நான் குறுக்க நிக்க மாட்டேன்."

கைத்தட்டல் அடங்கக் காத்திருந்தார்.

"எம் மூத்த பொண்ணும் இதுக்குத்தான் ஆசப்பட்டா. பாவம், மார்க் பத்தல. அதோ உக்காந்திருக்கா பாருங்க."

இருநூறு பெண்கள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். சிலர் பரிதாபப்பட்டார்கள். முன்வரிசையில் ஒரு பெண் முகத்தில் நிஜமான பயம். அவளுக்கு என்னைப் பாடமாகக் காட்டியாகிவிட்டது. நான் தரையின் சதுரங்களை எண்ணினேன். பதினாறு. காது கொதித்தது. அவர் சொன்னது பொய் என்பதைவிட, தடுமாறாமல் சொன்னது கொதித்தது. சொல்லிச் சொல்லி அவரே அதை நம்பத் தொடங்கிவிட்டாரோ என்னவோ.

ஞாயிறு மதியம் இரண்டரை மணிக்கு ஸ்பேனர், "கடைசியா ஒரு தடவ ஆசையா பாத்துக்கறேன்" என்று பக்கத்தைத் திறந்தாள். பார்க்க மட்டும் குறியீடு தேவையில்லை.

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. பட்டியலில் மெக்கானிக்கல் எங்கேயும் இல்லை. ஒரே ஒரு வரி இருந்தது. கணிதம், பெண்கள் கல்லூரி. நடக்கும் தூரம். மாற்றிய நேரம் காலை பதினொன்று நாற்பது. அப்போது நாங்கள் இருவரும் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தோம்.

"சர்வர் கோளாறுக்கா" என்றாள். உதடு வெளுத்துவிட்டது. உதவி எண்ணை அழைத்தாள். எல்லா இணைப்புகளும் வேலையாக இருந்தன. அப்பாவை அழைத்தாள். எடுக்கவில்லை. மறுபடி உதவி எண். மறுபடி அப்பா. இப்படியே மணி நாலரை ஆகிவிட்டது.

அம்மா சமையலறை வாசலில் வந்து நின்றாள். "எதுக்குடி ரெண்டு பேரும் பேயறஞ்ச மாதிரி நிக்கறீங்க?"

"பட்டியல் மாறிப்போச்சும்மா."

அம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். "அப்பா வரட்டும், பேசிக்கலாம்."

"ஆறு மணிக்கு மூடிடும்மா!"

"மூடினா மூடட்டும். கணக்குக்கு என்ன குறைச்சல்? டீச்சர் ஆகலாம், பக்கத்துலயே இருக்கலாம்."

கணிதம் என்று ஸ்பேனர் இன்னும் சொல்லவேயில்லை. திரை எங்கள் பக்கம்தான் இருந்தது.

ஸ்பேனர் அம்மாவை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். "அக்கா, நீ வரியா இல்லயா?"

நான் கைப்பையை எடுத்துக்கொண்டேன்.

அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் இருக்கும் காலி மைதானத்தில்தான் பழக்குவார். நாங்கள் போனபோது மணி ஐந்தாக ஐந்து நிமிடம். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் ஒரு அம்மா காரை வட்டமடித்துக்கொண்டிருந்தார். ஸ்பேனர் ஸ்கூட்டரை நேராகக் காருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். கார் குலுங்கி நின்றது.

"மாஸ்டர், நானே நிறுத்திட்டேன்!" என்றார் நர்ஸ் சந்தோஷமாக.

"நீங்க இல்லம்மா. நான் அமுக்கினேன்." அப்பா கண்ணாடியை இறக்கினார். "என்ன, அக்காவும் தங்கச்சியும் ஊர்வலம் வந்துட்டீங்க?"

"பட்டியல மாத்தினீங்களாப்பா?"

அவர் இல்லை என்று சொல்லவில்லை. "வீட்டுல பேசலாம். வெளியாள் இருக்காங்க பாரு."

"நான் ஒண்ணும் கேக்கல மாஸ்டர்" என்ற நர்ஸ் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"இங்கயே பேசலாம்" என்றாள் ஸ்பேனர். "குறுக்க நிக்க மாட்டேன்னு நேத்து மைக் புடிச்சுச் சொன்னீங்க."

"குறுக்க எங்க நிக்கறேன்? பக்கத்துல உக்காந்திருக்கேன். ஸ்டியரிங் உன் கையிலதாண்டா. பள்ளம் வரும்போது பிரேக் போடறது என் வேல."

"எது பள்ளம்? மெக்கானிக்கலா?"

"அறுபது பசங்க இருக்கற வகுப்புல மூணு பொண்ணுங்க. விடுதி. ஒர்க்‌ஷாப். படிச்சு முடிச்சாலும் உன்ன யார் மெஷின் பக்கம் விடப் போறாங்க? உங்க அக்காவையே விடமாட்டேங்கறாங்களாம்."

அது நான் அம்மாவிடம் அழுதுகொண்டே சொன்னது. அதையும் எடுத்து வைத்திருந்திருக்கிறார்.

ஸ்பேனர் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அப்பாவின் போன் காரின் முன்பலகையில் நின்றுகொண்டிருந்தது. அவள் தன் போனை எடுத்தாள், பக்கத்தைத் திறந்தாள், ஒரு பொத்தானை அழுத்தினாள். முன்பலகையில் டிங் என்று சத்தம் வந்தது. ஆறு இலக்கக் குறியீடு. பத்து நிமிடம்தான் செல்லும். அப்பா உடனே உள்ளங்கையால் திரையை மூடினார்.

"கைய எடுங்கப்பா."

"சொன்னாக் கேளு. உன் நல்லதுக்குத்தான்..."

"அப்பா, கைய எடுங்க."

"கிடைக்காதுடா!" அப்பாவின் குரல் உடைந்தது. நடிப்பில்லை. "கிடைக்காதத நெனச்சு ஏங்கினா எப்படி இருக்கும்னு நான் பாத்துட்டேன். அக்காவுக்கு மார்க் பத்தாம போயி, பத்து நாள் ரூமை விட்டு வெளிய வரல. ஒழுங்கா சாப்பிடல. அந்தக் கதி உனக்கும் வரணுமா?"

ஸ்பேனர் தடுமாறினாள். அவள் போன் பிடித்திருந்த கை கொஞ்சம் இறங்கியது. நான் பார்த்தேன். அந்தப் பத்து நாளும் கதவுக்கு வெளியே தட்டோடு உட்கார்ந்திருந்தவள் அவள்.

அப்பாவும் அதைப் பார்த்துவிட்டார். என் பக்கம் திரும்பினார். கண்ணில் ஒரு நம்பிக்கை. இருபத்து மூன்று வருடமாக எதற்கும் வாய் திறக்காத மகள்மேல் இருக்கும் நம்பிக்கை.

"நீயே சொல்லும்மா. நீ சொன்னா அவ கேப்பா."

கைப்பையைத் திறந்தேன். பிளாஸ்டிக் உறை பெயின்ட் வாசனை அடித்தது. தாளைப் பிரித்தபோது மடிப்பில் லேசாகக் கிழிந்தது. அவர் கை இன்னும் போன்மேல்தான் இருந்தது. என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. பெரிதாக வேறு கேட்டது. நர்ஸ் திடுக்கிட்டு, தன் பிரேக்கை அழுத்திக்கொண்டார்.

"எனக்கு மார்க் பத்தாம போகலப்பா. என்னோடது நூத்தி எழுபத்தெட்டு. நான் முதல்ல போட்ட மெக்கானிக்கல்ல கடைசியா எடுத்த பொண்ணு நூத்தி எழுபத்தஞ்சு. கடைசி நாள் காலைல, பதினொண்ணு அம்பத்திரண்டுக்கு, முப்பத்தெட்டுல முடியற நம்பர்லேருந்து என் பட்டியல மாத்தியிருக்கு. அது நீங்கதான்."