ஒரு முழம் கயிறு

விமானத்தின் மூக்கு கனடாவைப் பார்த்துக்கொண்டிருக்க, சக்கரங்கள் எங்கள் வடக்கு டகோட்டாச் சேற்றில் அச்சுவரை புதைந்து கிடந்தன. எல்லைக் கல்லுக்கு இருபது அடிகூட இல்லை. ஆனால் அந்த இருபது அடியைப் பறந்து கடக்க அனுமதி கிடையாது. சண்டை போடும் நாட்டுக்குள் அமெரிக்க ஆள் விமானம் ஓட்டிப் போகக் கூடாது என்று சட்டம். இங்கே இறக்கிவிட்டால், வாங்கினவர்கள் அந்தப் பக்கம் நின்று குதிரை கட்டி இழுத்துக்கொள்ளலாம். வாஷிங்டனில் உட்கார்ந்து சட்டம் போட்டவர்கள் ஏப்ரல் மாதச் சேற்றை யோசிக்கவில்லை.

என் வீட்டுக்காரர் ஹால்வோர் ஊர் ஜனத்தோடு வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தம்பி சீவெர்ட் 1918இல் பிரான்ஸுக்குப் போனவன், திரும்பவில்லை. சாவுச் செய்தி வந்த அன்றைக்கு ஹால்வோர் மேசையைத் தட்டிச் சொன்னார்: "இனி ஐரோப்பாக்காரன் சண்டைக்கு இந்த வீட்டுல இருந்து ஒரு முழம் கயிறுகூடப் போகாது." இருபத்திரண்டு வருஷம் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஊரில் பாதிப் பேர் அவர் கட்சிதான், நானும்தான். போன வாரம் நார்வேயில் திரோன்ஹெய்ம் ஜெர்மன்காரர்களிடம் விழுந்துவிட்டது என்று வானொலியில் சொன்னார்கள். அவர் அம்மா பிறந்த ஊர். அதிலிருந்து மனிதர் சரியாகச் சாப்பிடவில்லை, ஏன் என்று சொல்லவும் இல்லை.

கனடாப் பக்கத்து விவசாயி டங்கன் தன் ஜோடிக் குதிரைகளை அதட்டினார். கயிறு விண்ணென்று நின்று, பட்டென்று அறுந்தது.

"அது கயிறா, இல்ல பொத்தான் தைக்கிற நூலா?" என்று கத்தினார் ஹால்வோர்.

"உன் வாய் மட்டும் கல்லத் தாண்டி வருது," என்றார் டங்கன். "கயிறு வராதோ?"

ஹால்வோருக்குக் காது சிவந்தது. விறுவிறுவென்று கொட்டகைக்குப் போய் வைக்கோல் பாரம் தூக்கும் தடித்த கயிற்றைக் கொண்டுவந்து வீசினார். "கயிறு மட்டுந்தான்," என்றார் என்னிடம், நான் கேட்காமலே.

கயிறு தாங்கியது. டங்கனின் குதிரைகள் தாங்கவில்லை. விமானம் ஓரடி ஏறும், மறுபடி அமுங்கும்.

"இன்னொரு ஜோடி இருந்தா ஏறிடும்," என்றார் ஹால்வோர், யாரிடமோ சொல்வதுபோல.

"நம்மகிட்ட இருக்கே," என்றேன் நான்.

"குதிரை மட்டும் வேணா..."

"ஆமாமா, அதுங்களே போய்க் கட்டிக்கிட்டு இழுக்கும். நீங்க இங்கயே நில்லுங்க!"

அவர் சிரிக்கவில்லை. "கயிறுல ஆரம்பிச்சா எங்க போய் முடியும்னு எனக்குத் தெரியும், சிக்னே. நம்ம பையன் ஓலாவுக்குப் பத்தொம்பது வயசு."

"தெரியும். எனக்கும் பயமாத்தான் இருக்கு," என்றேன். "ஆனா இப்படிச் சாப்பிடாம எத்தன நாளைக்கு வேலியப் புடிச்சிக்கிட்டு நிப்பீங்க?"

வேலியிலிருந்து கையை எடுத்தார். பிறகு குதிரைகளைப் பூட்டி வந்து, கல்லைத் தாண்டி நடந்தார். நான்கு குதிரைகளுக்கும் முன்னால் நின்று, அம்மாவிடம் கற்ற நார்வே மொழியில் ஒரு குரல் கொடுத்தார். அவ்வளவுதான். வேடிக்கை பார்த்த ஊரே சேற்றில் இறங்கியது. நானும் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வால் பக்கம் தோள் கொடுத்தேன். சேறு பெருமூச்சு விட்டு, சக்கரத்தை விட்டது. கல்லைத் தாண்டி, காய்ந்த மேட்டில் போய் நின்றது விமானம். தொப்பிகள் பறந்தன. டங்கன் என் வீட்டுக்காரரைக் கட்டிக்கொண்டு முதுகில் அறைந்தார். இருபத்திரண்டு வருஷத்தில் ஹால்வோர் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

விமானத்தின் அச்சில், சேறு குடித்து இறுகிய முடிச்சு அவிழவில்லை. முடிச்சை விட்டுவிட்டுக் கயிற்றை மட்டும் கத்தியால் அறுத்துவிட்டு, கனடா விமானி ஏறிப் புறப்பட்டார்.

எங்கள் தலைக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றி விமானம் திரும்பியது. ஹால்வோர் அந்தப் பக்கமே நின்று, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். அதன் வயிற்றடியில் எங்கள் வீட்டுக் கயிறு ஒரு முழம், காற்றில் துள்ளிக்கொண்டே போனது.