எட்டாம் பாட்டின் கடைசிச் சரணம்

நாமக்கல்லில் முட்டை வணிகம் செழித்திருந்த 1984ஆம் ஆண்டில், சென்னிமலையின் மகன் வீரபாகு கடலைப் பற்றிப் பத்துப் பாட்டுகள் எழுதினான். அவன் கடலைப் பார்த்ததில்லை.

கோவைக் கல்லூரி விடுதியில் அறைத்தோழன் வைத்திருந்த வெளிநாட்டு இசைத்தட்டுகளைக் கேட்டு, ராக் இசையில் மென்மையான பிரிவு ஒன்று உண்டு என்பதை அவன் அறிந்திருந்தான். அதில் பாடுபவனே பாட்டெழுதுவான், கிதாரும் வாசிப்பான், தாளாத துயரத்தைத் தாழ்ந்த குரலில் தெரிவிப்பான். துயரத்துக்குக் காரணம் கிடைக்காததுதான் வீரபாகுவுக்கிருந்த ஒரே குறை. தந்தைக்கு இரண்டு கோழிப்பண்ணைகளும் ஒரு தீவன ஆலையும் இருந்தன. ஆலையில் வந்து உட்காரும்படி அவர் சொன்ன அன்று அந்தக் குறையும் நீங்கியது.

"மெட்ராசுக்குப் போய்ப் பாடறேனுங்கப்பா."

"போ சாமி, ஆரு வேண்டாம்னா? ஆராச்சும் கேக்கறாங்களான்னு மொதல்ல இங்க பாத்துட்டுப் போ. தைப்பொங்கல் நோம்பிக்குள்ள அம்பது கேசட்டு விக்கோணும். சொந்தபந்தத்துக்கு வித்தா சேத்தி இல்ல. முடியலீன்னா ஆலைல வந்து உக்காந்துக்கோ."

நிபந்தனை நியாயமானதாகத் தோன்றியது. அதன் ஆழத்தை வீரபாகு பின்னரே அறிந்தான்.

பழைய கோழிகள் விற்றுப் போய்ப் புதிய குஞ்சுகள் வராதிருந்த ஆறு வார இடைவெளியில், காலியாகக் கிடந்த கொட்டகை ஒலிப்பதிவுக் கூடமாக உயர்வு பெற்றது. எதிரொலியைத் தடுக்க, சுவரெங்கும் முட்டை அட்டைகள் அறையப்பட்டன. பதிவுப் பொறுப்பு, திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டும் அங்கமுத்துவுக்கு அளிக்கப்பட்டது. நான்கு ஊருக்குக் கேட்காத ஒலியை ஒலியென்று அவர் அதுவரை ஒப்புக்கொண்டதில்லை.

"தம்பி, கொஞ்சம் சத்தமாப் பாடுங்க. மைக்குக்கே கேக்கல."

"இது இப்படித்தான் பாடோணுங்ணா."

"காச்சக்காரனாட்டவா?"

"மென்மையா."

"செரி, பாடுங்க. மாத்திரை வேணும்னாச் சொல்லுங்க."

ஏழு பாட்டுகள் இடையூறின்றி முடிந்தன. எட்டாவது பாட்டைத்தான் வீரபாகு தன் உயிராகக் கருதினான். அதன் கடைசிச் சரணத்தின்போது அடுத்த தோட்டத்து மருதாசலம் பம்புசெட்டைப் போட்டார். மின்னழுத்தம் இறங்கியது, பதிவு நாடா மெதுவாக ஓடியது, போட்டுக் கேட்டபோது, தாழ்ந்து செல்ல வேண்டிய குரல் மேலே ஏறிக் கீச்சிட்டது.

"அழிச்சுட்டு மறுக்காப் பாடிப்போடலாந் தம்பி."

"வேண்டாங்ணா. அதுதான் உணர்ச்சியோட உச்சம்."

அங்கமுத்து உச்சத்தை அப்படியே விட்டுவிட்டார்.

விற்பனை எளிதாக இருந்தது. பதினைந்தே நாளில் நூற்று நாற்பது கேசட்டுகள் போயின. சரிபார்ப்புதான் கடினம். சென்னிமலை கயிற்றுக் கட்டிலில் அமர்ந்து பெயர்களைக் கேட்டார்.

"புதுச்சத்திரத்துல போர் போடற ரிக் வண்டி வெச்சிருக்கறவருங்கப்பா."

"அவிய அத்தையத்தான நம்ம பெரியப்பம் பையனுக்குக் குடுத்திருக்குது. தள்ளு."

மனமுடைந்த வீரபாகு சேலம் அஸ்தம்பட்டிக்குச் சென்று, முன்பின் தெரியாத பல் மருத்துவர் ஒருவருக்கு விற்றுவந்தான். அரைமணி நேர ஆராய்ச்சிக்குப் பின் அவரும் நான்கு தலைமுறைக்கு முந்தைய பங்காளி என்று நிறுவப்பட்டார். வாங்கியவர்கள் எல்லாரும், "பாட்டு அருமை மாப்ளே" என்றார்கள். அவர்கள் வீட்டு அலமாரிகளில் கேசட்டுகள் கண்ணாடித்தாள் உறை பிரிக்கப்படாமல் பாதுகாப்பாக இருந்தன. மார்கழி முடிய மூன்று நாள் இருந்தபோது, சொந்தமில்லாதவர் வாங்கியது ஒன்றே ஒன்று. அவர் அங்கமுத்து.

அன்று காலை சேந்தமங்கலத்திலிருந்து கருப்பண்ணன் என்ற பண்ணைக்காரர் ராஜ்தூத் மோட்டார் சைக்கிளில் வந்திறங்கினார். திடீர் ஓசைக்குக் கோழிகள் மிரளாதிருக்கப் பண்ணைகளில் நாள் முழுவதும் ரேடியோவைப் பாடவிடுவது வழக்கம். அவருடைய ரேடியோ பழுதானபோது, தற்காலிகமாக ஒரு டேப் ரெக்கார்டரையும் தன்னிடமிருந்த கேசட்டையும் அங்கமுத்து கொடுத்திருந்தார்.

"பாடுனது நீங்கதானுங்களா? ரண்டாவது பாட்டு தங்கமுங்க. அதுக்குத்தான் கோழி நெறையா முட்டையிடுது. அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரங்களும் கேக்கறாங்க. அம்பது வேணுமுங்க. ஆனா அந்த எட்டாவது பாட்டு..."

"சொல்லுங்க" என்றான் வீரபாகு.

"கடைசியில பருந்து கத்தறாப்பல ஒண்ணு வருதுங்களே? அங்க அத்தனையும் மூலைல போய்க் குமிஞ்சுக்குதுங்க. அன்னிக்கு முட்டை கொறஞ்சு போகுது. அதை மட்டும் எடுத்துட்டுக் குடுங்க."

நூற்று நாற்பது உறவினரில் ஒருவரும் அந்தச் சரணத்தைப் பற்றி வாய் திறந்ததில்லை. அதைக் கவனித்தவை இரண்டாயிரம் கோழிகள். அவை கவனித்ததைக் கவனித்தவர் இந்த ஒருவர்.

சென்னிமலை கட்டிலிலிருந்து எழுந்துவந்தார். "ஏனுங்க, பூர்விகம் எந்தூருங்க? கோயில் எதுங்க? பொண்ணு எங்க குடுத்திருக்கறீங்க?" கேள்விகள் ஏழு வரை சென்றன. ஏழிலும் உறவு அகப்படவில்லை. சென்னிமலை சொன்ன சொல் தவறாதவர்.

"கோழிக்கு விக்கக்கூடாதுன்னு நாஞ் சொல்லுல. கெலிச்சுட்டே சாமி. நாளைக்கே பஸ் ஏறிக்கோ."

செய்தி கேட்டு வந்த அங்கமுத்து மகிழ்ந்தார். "அந்தச் சரணத்த அழிக்கறது அஞ்சு நிமிச வேலை தம்பி."

"அழிக்க வேண்டாங்ணா. மறுக்காப் பாடறேன்."

"கொட்டாயில குஞ்சு உட்டாச்சுங்களே?"

"இருந்துட்டுப் போகட்டும். கேட்டுட்டு அதுங்களே சொல்லும்."

"அப்ப பஸ்சு?" என்றார் சென்னிமலை.

"இது சரியானப்புறம் போறேனுங்கப்பா. மருதாசலம் மாமன்கிட்டச் சொல்லி ஒரு மணி நேரம் மோட்டார நிறுத்தி வெய்யுங்க."

"அதுக்கென்ன, நம்ம மச்சான்தான? சொன்னாக் கேப்பான்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு அவர் வரப்பில் இறங்கினார். உறவினர் ஒருவரால் அந்த இசைத்தொகுப்புக்குக் கிடைக்கவிருந்த முதல் உதவி அது.