கையே, பொறு

இன்னொரு பிள்ளையைத் தள்ளினால் இந்த வருடம் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று தலைமை ஆசிரியை சொல்லிவிட்டார். போன வாரம் என் நாலு வயது மகள் டிரம்மைப் பிடுங்கித் தள்ளியதில் ஒரு பையனின் உதடு கிழிந்துவிட்டது.

"நம்ம வீட்டுச் சூறாவளியைக் கட்டிப் போடத்தான் கயிறு தேடணும்" என்று அவள் அப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் வீட்டிலிருந்தால், எனக்கு இப்போதுதான் கிடைத்த சலவைக்கடை வேலை போய்விடும். அதைவிட, 'அடங்காதது' என்ற பெயர் இந்த வயதிலேயே அவள்மேல் ஒட்டிக்கொள்ளும்.

வகுப்பு டீச்சர் மட்டும் வேறொன்று கேட்டார். "இவ தனக்குத்தானே பேசிக்குவாளா?"

"ஓயாம, டீச்சர். பாக்கிறவங்க என்ன நினைப்பாங்கன்னு நான்தான் அதட்டி வெச்சிருக்கேன்."

"அதட்டாதீங்கம்மா. அந்தப் பேச்சுதான் அவளுக்குக் கடிவாளம். அதைப் பிடுங்கிட்டுக் குதிரையை ஓடாதேன்னா எப்படி?"

இன்று கதவிடுக்கு வழியே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். பக்கத்தில் தலைமை ஆசிரியை. பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருக்க, அதே டிரம் கைமாறி வருகிறது. ஒருவர் தட்டும்போது மற்றவர்கள் சிலை. மகளுக்கு முந்தைய முறை, மொட்டையடித்த ஒரு பையனுடையது. ஒரு தட்டுத் தட்டிவிட்டு, மடியில் டிரம்மோடு விட்டத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டான்.

அவள் கை நீண்டது. நான் கதவை எட்டிப் பிடித்தேன்.

"கையே, பொறு" என்றாள் உரக்க. "மொட்டை இன்னும் முடிக்கல. அப்புறம்தான் நாம. நீ அக்குள்ல போய்த் தூங்கு."

'ஷ்!' என்று அதட்ட என் நாக்கு துடித்தது. பழகிய நாக்கு. பல்லால் கடித்துப் பிடித்தேன். நாலு வயதுக்காரி செய்வதை முப்பது வயதில் செய்ய எனக்கு வியர்த்துவிட்டது.

ஒருவழியாக மொட்டை டிரம்மை நீட்டினான். அக்குளிலிருந்து கை வெளியே வந்தது. கூரை அதிர அடித்தாள். பாதியில் அடுத்த பையன் தாவினான், உதடு கிழிந்த அதே பையன். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"உன் கைகிட்ட சொல்லுடா, கேக்கும்" என்றது அவள் குரல்.

கண்ணைத் திறந்தேன். அவன் அக்குளில் கையைச் செருகிக்கொண்டு, "கையே, பொறு" என்றான். மொட்டையும் சொன்னான். வட்டமே சொல்லத் தொடங்கியது. அவள் நிதானமாக மீதியை அடித்து முடித்து, டிரம்மை இரண்டு கையாலும் உதடு கிழிந்தவனிடம் கொடுத்தாள்.

தலைமை ஆசிரியை தொண்டையைச் செருமினார். "நாளைக்கும் நேரத்துக்கு அனுப்பிடுங்க."

நாக்கை விடுவித்தேன். "அனுப்புறேன் மேடம்" என்றேன், வேண்டுமென்றே உரக்க.