உமையம்மாள் எடைக்குக் கதளிப்பழம்

முத்துக்குமாரசாமி அந்த நேர்ச்சையை நேர்ந்தது ஆஸ்பத்திரி வராந்தாவில், கையில் காலி பிளாஸ்கோடு. உள்ளே அவர் மனைவி உமையம்மாளுக்கு வயிற்றில் ஆபரேஷன். 'கிருஷ்ணா, இவளை நல்லபடியாக வீடு கொண்டுசேர்த்துவிடு. உன் நடையில் துலாபாரத் தட்டில் இவளை உட்காரவைத்து, எடைக்கு எடை கதளி வாழைப்பழம் தருகிறேன்.' நெய்யாற்றின்கரை கோர்ட்டில் முப்பத்திரண்டு வருஷம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவர். தேதி போடாத மனுவை அவர் வாழ்க்கையில் யாரிடமும் நீட்டியதில்லை. பதற்றத்தில் அன்று நீட்டிவிட்டார். எடை என்றால் என்றைக்கு எடை என்று சொல்லத் தவறிவிட்டார்.

கிருஷ்ணன் தன் பங்கைச் செய்துவிட்டான். உமையம்மாள் வீட்டுக்கு வந்தாள். ஆனால் நோய்க்கு முன்னால் ஐம்பத்திரண்டு கிலோ இருந்தவள், ஆஸ்பத்திரியில் பெயர் வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது நாற்பத்தொன்று. ரவிக்கைக்குள் கை தனியாக ஆடியது.

பக்கத்து வீட்டுச் சோமன், ரப்பர் ஷீட்டும் பாக்கும் வாங்கி விற்கிறவன், வேலியோரம் வந்து யோசனை சொன்னான். "அண்ணாச்சி, சடக்குன்னு இப்பமே நடத்திரும். நாப்பத்தொண்ணோட காரியம் முடியும்."

"எலே, சீக்கு தின்ன எடையைக் காட்டி சாமிக்கிட்ட தள்ளுபடி வாங்கச் சொல்லுதியா? அவ பழைய எடைக்கு வரட்டும். அண்ணைக்குத்தான் துலாபாரம்."

சோமன் தலையைச் சொறிந்தான். லாபத்தை இப்படி வேலிக்கு அந்தப் பக்கம் எறிகிற மனிதரை அவன் வியாபாரத்தில் பார்த்ததில்லை.

அப்படிச் சொல்லி ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஊரடங்கு வந்தது. கோயில் நடை அடைபட்டது, கடைகள் அடைபட்டன. அவர்கள் தெரு கேரளம், தெற்குச் சந்தில் நாலு வீடு தாண்டினால் தமிழ்நாடு. அங்கே யாரோ லாரியில் மண்ணைக் கொண்டுவந்து கொட்டி வழியை மூடினார்கள். தமிழ்நாட்டுப் பக்கம் பூப்பறிக்கப் போன செல்லபாய் திரும்பும்போது மேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று, "நான் இப்ப எந்த நாட்டுக்காரியாக்கும்?" என்று சத்தம் போட்டது மொத்தத் தெருவுக்கும் கேட்டது.

சித்திரை ஒன்றாம் தேதி சோமன் கடையின் ஷட்டரைப் பாதி தூக்கினான். உள்ளே ஷீட் நிறுக்கும் மேடைத் தராசு. உமையம்மாள் ஏற மறுத்தாள். ஆபரேஷனுக்கு முன்னால் வாரம் ஒருமுறை எடை பார்த்து, வாரம் ஒருமுறை டாக்டர் முகம் சுளித்து, அவளுக்கு அந்த எண்களே பிடிக்காமல் போயிருந்தன.

"முதல்ல நான் ஏறுதேன், பொறவு நீயும் துணைக்கு ஏறு. ரெண்டு பேரும் ஒண்ணா சிரிச்சிட்டு இறங்குவோம்," என்றார் முத்துக்குமாரசாமி.

அவர் எழுபது கிலோ. "நல்ல எடையாக்கும்," என்று வயிற்றைத் தடவிக்கொண்டார். அடுத்து அவள். சோமன் குண்டை நகர்த்தி நகர்த்தி நிறுத்தினான். முப்பத்தேழு.

ஆஸ்பத்திரியில் நாற்பத்தொன்று. இப்போது முப்பத்தேழு. "முப்பத்தேழா? நல்ல எண்ணாக்கும் அது," என்று எவனும் நம்பாத குரலில் சொல்லி முத்துக்குமாரசாமி அவளைக் கைபிடித்து இறக்கினார்.

அன்றுமுதல் அந்த வீட்டில் சாப்பாடு ஒரு வேலையாயிற்று. உமையம்மாளுக்கு ஒரு பழக்கம் உண்டு. கல்யாணம் ஆனதிலிருந்தே கணவன் இலையைப் பார்த்துத்தான் தன் இலைக்குப் போட்டுக்கொள்வாள். அவர் மூன்று தோசை என்றால் அவளுக்கு ஒன்றரை. அவர் போதும் என்றால் அவளுக்கும் வயிறு நிறைந்துவிடும். முத்துக்குமாரசாமி கணக்குப் போட்டார். அவள் மூன்று தோசை தின்ன வேண்டுமானால் தான் ஆறு தின்ன வேண்டும். சின்னத் தியாகம்தான். இதைவிடப் பெரிய தியாகத்துக்கெல்லாம் அவர் தயாராக இருந்தார், தேங்காய்ச் சட்னி கூட இருக்கும்வரை.

அது சக்கைக் காலம். வீட்டுப் பலாமரத்துச் சக்கை வெளியே போக வழியில்லாமல் வீட்டுக்குள்ளேயே வந்தது. சக்கை அவியல், சக்கை எரிசேரி, சக்கை வறுத்தது, சக்கைக்குருத் தீயல். மதியம் புட்டும் பயறும் இரண்டாம் பந்தி. அவர் ஆறாவது தோசையில் முக்கிக்கொண்டு ஓரக்கண்ணால் பார்த்தால், அவள் ஒன்றைப் பிய்த்துப் பிய்த்து இலை முழுக்கப் பரப்பி வைத்திருப்பாள்.

"இஞ்ச பாருங்கோ, நிய்யளாவது நல்லா தின்னுங்கோ," என்று ஏழாவதை அவர் இலையில் போடுவாள்.

ஆடி ஒன்றாம் தேதி தராசு தீர்ப்பு சொன்னது. உமையம்மாள் முப்பத்தொன்பது. முத்துக்குமாரசாமி எண்பத்தொன்று.

"அண்ணாச்சி, துலாபாரத்துக்கு நிய்யளே இரியும்," என்றான் சோமன். "கிருஷ்ணன் ஒரு வருஷம் வேற ஒண்ணும் திங்கண்டாம்."

அவர் சிரிக்க முயன்றார். சட்டையின் நாலாவது பட்டன் அவருக்குப் பதிலாகத் தெறித்து ஷீட் கட்டுக்கு அடியில் போய் விழுந்தது.

அந்த வாரம் ஆஷா பணியாளர் லேகா வீடு வீடாக வந்து, முகக்கவசத்துக்கு மேலே இரண்டு கண்ணோடு, பிரஷர் பார்த்தாள். உமையம்மாளுக்கு ஒன்றுமில்லை. முத்துக்குமாரசாமி கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தவள், இன்னொரு முறை அடித்தாள்.

"அண்ணா, நூத்தி எழுபது. சீக்குக்காரி யாரு, நிங்களா சேச்சியா?"

"எனக்கு இது உள்ளதாக்கும்."

"உள்ளது ஒண்ணும் இல்ல. நடக்கணும். ரோட்டில போகண்டாம், மாடியில நடங்க. தினம் ஏழாயிரம் அடி. நான் அடுத்த வாரம் வந்து போன்ல அடிக் கணக்கு பாப்பேன். சேச்சி, நீங்களும் மெல்ல நடக்கலாம் கேட்டியளா, ஆபரேஷன் ஆகி மாசம் அஞ்சாச்சே."

மறுநாள் மாலை மொட்டைமாடியில் தேங்காய் காயப்போட்ட தார்ப்பாயைச் சுற்றி அவர் நடக்கத் தொடங்கினார். நூறு அடியில் மூச்சு வாங்கியது. இருநூறில் முழங்கால் பேசியது. முந்நூறில், போனைக் கையில் பிடித்து நாற்காலியில் உட்கார்ந்தபடி வீசினாலும் அது அடி என்றே எண்ணுகிறது என்ற உண்மை அவருக்குத் தெரியவந்தது. கோர்ட்டில் இருந்தவர், சாட்சியை எப்படித் தயார் செய்வது என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வலது கை வலித்தால் இடது கை. ஐந்தாம் நாள் நாலாயிரத்து அறுநூறாவது அடியை வீசிக்கொண்டிருக்கும்போது படியில் உமையம்மாள் நின்றாள்.

"நல்லா இருக்குய்யா உங்க நடை," என்றாள். "காலுக்குச் செருப்பே தேயாது."

"இல்லம்மா, இப்பதான் இருந்தேன்..."

"எந்திரியுங்கோ. நான் பின்னால வாறேன். நின்னா முதுகில குத்துவேன்."

வீசிய கையோடு எழுந்தார். அவர் முன்னால், அவள் பின்னால். அவளுக்கும் நடக்கிற பழக்கம் விட்டுப்போய் மாதங்கள் ஆகியிருந்தன. நாலு சுற்றில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் ஆறு. அதற்கு மறுநாள் அவர்தான் சுவரைப் பிடித்தார், அவள் சொன்னபடி முதுகில் குத்தினாள். சோமன் தன் வீட்டு முற்றத்திலிருந்து அண்ணாந்து, "அக்கா, சாயங்காலம் எருமை மேய்க்கப் போயாச்சா?" என்று கேட்பான். "ஆமாடே சோமா, கயறுதான் இல்ல," என்பாள். அவள் குரல் அவ்வளவு தூரம் எட்டி எத்தனை நாள் ஆயிற்று என்று எருமை யோசித்துக்கொண்டே நடந்தது.

ஆவணியில் ஒரு நாள் இரவுச் சாப்பாடு. லேகா எழுதிக்கொடுத்தபடி அவருக்கு இரண்டே தோசை. தான் நிறுத்தினால் அவளும் நிறுத்திவிடுவாளே. இன்னொன்று வாங்கித் தொலைக்கலாமா, பிரஷர் போனால் போகட்டுமா என்று நினைத்துக்கொண்டிருக்கையில் உமையம்மாள் சட்டுவத்தை எடுத்து மூன்றாவது தோசையைத் தன் இலையில் போட்டுக்கொண்டாள். சட்னியை வழித்துவிட்டாள். அவர் இலையை அவள் பார்க்கவே இல்லை.

"என்ன பாக்கியோ? பசிக்கி," என்றாள் வாய் நிறைய.

முத்துக்குமாரசாமி கைகழுவப் போய் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார். சந்தோஷம்தான். கண்ணில் தண்ணீர்கூட வந்தது. கூடவே ஒரு சிறு வருத்தமும்: நாலு மாதம் இந்தப் பெண்ணுக்காகத் தான் தின்ற தோசையெல்லாம் வீண்தானா?

கார்த்திகையில் கோயிலில் துலாபாரத்துக்கு அனுமதி வந்தது. சோமன் தராசில் அவர் எழுபத்திரண்டு. அதற்கு அன்றைக்கே வீட்டில் பாயசம் வைத்துக் கொண்டாடியாயிற்று. உமையம்மாள் நாற்பத்தாறு. ஐம்பத்திரண்டுக்கு இன்னும் ஆறு.

"இன்னும் ரெண்டு மாசம் பொறுப்போம்," என்றார்.

"ஒண்ணும் பொறுக்கண்டாம். திரும்ப எப்ப அடைப்பானுவளோ. நான் இவ்வளவுதான். இந்த எடையில சாமிக்கு வேணும்னா எடுக்கட்டும்," என்றாள் அவள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் 'நான் இவ்வளவுதான்' என்ற சொல் இரண்டு நாள் அவர் காதைவிட்டுப் போகவில்லை. அந்த ஆறு கிலோ இனி வராது என்று அவள் முடிவுகட்டிவிட்டாள்.

காஞ்சிரங்குளத்தில் யோசுவா கடையிலிருந்து பழம் வந்தது. சிவப்பு எண் மின்னும் தராசில் நிறுத்து நாற்பத்தெட்டு கிலோ. இரண்டு கிலோ சாமிக்கு மரியாதை. ஒரு நேர்ச்சைக்கு இருபது நிமிஷம்தான், ஒன்பதரைக்கு நடை அடைக்க வேண்டும் என்று பூஜை செய்யும் போற்றி முன்பே சொல்லியிருந்தார்.

ஒன்பது மணி பத்து நிமிஷத்துக்கு உமையம்மாள் கைநெசவுப் பாலராமபுரம் சேலையில் ஒரு தட்டில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். மறு தட்டில் சோமனும் முத்துக்குமாரசாமியும் குலை குலையாக அடுக்கினார்கள். கடைசிக் குலையும் ஏறியது. உமையம்மாள் தட்டு தரையைவிட்டு அசையவில்லை.

போற்றி சங்கிலியைத் தட்டிப் பார்த்தார். தட்டு அசையவில்லை.

"இனியும் பழம் வேணும்," என்றார் போற்றி. "இருந்தவங்க சமம் ஆகாம இறங்கக்கூடாது."

"உமா, நீ எதையாவது பிடிச்சுக்கிட்டு இருக்கியா?" என்றார் முத்துக்குமாரசாமி.

"நான் எதைப் பிடிக்க? சாமியைத்தான்." அவள் முகம் சுருங்கியது. "எனக்கு நீர் கோத்திருக்கா? திரும்பவும் எதாவதா?"

பக்கத்தில் சோமன் துலாக்கோலை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். கோயிலில் வேறு யாருக்கும் இல்லாத வியர்வை அவனுக்கு மட்டும் வழிந்தது.

"ஈரச்சேலையா இருக்கும்," என்றான்.

"காஞ்ச சேலையாக்கும்," என்றாள் உமையம்மாள்.

"மாஸ்க்கும் ஒரு கனம் உண்டுல்லா..."

"சோமா!" கோர்ட்டில் பொய்ச்சாட்சியை முப்பத்திரண்டு வருஷம் பார்த்த கண்கள் அவன் மேல் நின்றன. "உன் தராசு சரியான தராசாக்கும்?"

சோமன் கிருஷ்ணனைப் பார்த்தான். கிருஷ்ணன் அவனுக்கு உதவவில்லை.

"அண்ணாச்சி... ஷீட்டில ஈரம் இருக்கும்லா. அதுக்காக்கும். பத்துக்கு ஒண்ணு குறைச்சுக் காட்டும். பழக்கத்தில நான் மறந்தே போயிட்டேன், மனுஷர் ஏறுனாலும் அதுக்கு ஷீட்டுதான்."

முத்துக்குமாரசாமி கையை நீட்டினார். அடிக்கப்போகிறார் என்று சோமன் கண்ணை மூடினான். அவர் விரல் விட்டுக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். "நாப்பத்தாறுன்னா... அம்பத்தொண்ணு! உமா, நீ அம்பத்தொண்ணு! நீரும் இல்ல கீரும் இல்ல, எல்லாம் நீயாக்கும்!"

"பழம்?" என்றார் போற்றி, கடிகாரத்தைப் பார்த்து.

"என் முற்றத்தில ஒரு கதளிக்குலை பழுத்து நிக்குது," என்றான் சோமன் ஈனக்குரலில். "நான் போறேன்."

சோமனுக்கு முழங்கால் வீக்கம். போய் வர நாளாகும். முத்துக்குமாரசாமி வேட்டியை மடித்துக் கட்டினார். அந்த ஊர் ஓடிப் பார்த்திராத மனிதர் கோயில் வாசலைத் தாண்டி ஓடினார். எதிரே வந்த லேகா ஸ்கூட்டரை நிறுத்தி, "அண்ணா, என்ன ஆச்சு?" என்று கத்தினாள்.

"அம்பத்தொண்ணு!" என்றபடி அவளைத் தாண்டினார்.

திரும்பி வரும்போது தோளில் குலை, சட்டை முழுக்க வாழைக்கறை. நெஞ்சு அடிக்கத்தான் செய்தது. ஆனால் எங்கும் நிற்கவில்லை. நிற்கிறோமோ என்று தோன்றும்போதெல்லாம் முதுகில் ஒரு குத்து விழுந்ததுபோல இருந்தது.

ஒன்பது இருபத்தேழுக்குக் குலையைத் தட்டில் வைத்தார். துலாக்கோல் கிர்ரென்றது. உமையம்மாள் மெல்லத் தரையைவிட்டு எழுந்தாள். ஒரு சாண். இரண்டு சாண். சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, ஊஞ்சலில் இருப்பவளைப்போலக் காலை ஒருமுறை ஆட்டிப் பார்த்தாள். போற்றி மணியை அடித்தார்.

பிரசாதமாகப் போற்றி ஒரு சீப்பு திருப்பிக் கொடுத்தார். ஆலமரத்தடியில் உட்கார்ந்து முத்துக்குமாரசாமி ஒரு பழத்தை உரித்தார். ஓடிய ஓட்டத்துக்கு அது நியாயம் என்று அவருக்குப் பட்டது. வாய்க்குக் கொண்டுபோகும்போது உமையம்மாள் மெதுவாகக் கேட்டாள்.

"பத்துக்கு ஒண்ணு குறையும்னா, எழுபத்திரண்டுன்னு பாயசம் வச்சோமே, அது எவ்வளவு?"

பழம் பாதி வழியில் நின்றது. தள்ளி நின்ற சோமன் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனான்.

"எண்பது," என்றார் தலைகுனிந்து, குற்றத்தை ஒப்புக்கொள்கிற குரலில்.

"நாளைக்கு அஞ்சு மணிக்கு மாடிக்கு வந்திரணும்." அவள் அவர் கையிலிருந்த பழத்தை வாங்கினாள். பாதி பிட்டுத் தருவாள் என்று அவர் காத்திருந்தார். அவள் முழுவதையும் தின்று, தோலை அவர் கையில் வைத்தாள்.