சிவப்பாகத் தெரிந்த இடைவெளி

1
முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு நடந்தது. சொல்ல வெட்கமாக இருப்பதால் என்னை நீக்கிவிட்டு, லிஃப்ட் பழுதுபார்க்கும் ஒருவரைப் பல் மருத்துவமனை நாற்காலியில் படுக்க வைக்கிறேன். ஸ்பேனர் வழுக்கி அவருடைய முன்பல் பாதி உடைந்துவிட்டது. (நான் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். அதில் கதை இல்லை.)

2
பல் என்பது மனிதனின்... வேண்டாம், அடித்துவிட்டேன்.

பல் மருத்துவர் பேனா போன்ற கேமராவை வாய்க்குள் சுற்றினார். பசையை அப்பி அச்சு எடுக்கிற வேலையெல்லாம் இல்லை. இரண்டே நிமிடத்தில் பல்வரிசை முழுவதும் திரையில் வந்து நின்றது. செயற்கைப் பல் செய்யும் ஆய்வகத்தில் வடிவமைப்பாளர் பக்கத்துப் பல்லை இடவலம் மாற்றி நகலெடுத்து, உடைந்த பல்மேல் மாட்டும் உறையை வரைந்தார். லிஃப்ட்காரருக்குச் சின்ன வயதிலிருந்தே முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே இடைவெளி. பல்லோடு பல் தொடாத இடத்தைக் கணினி சிவப்பாகக் காட்டும். சிவப்பைக் கண்டால் மூடுவது அவர் கைப்பழக்கம். யாரையும் கேட்காமல் உறையைக் கொஞ்சம் அகலமாக்கி மூடிவிட்டார். நல்லெண்ணத்தில்தான்.

3
உறையை ஒட்டாமல் சும்மா வைத்துப் பார்த்தார்கள். நாற்பது வருடமாகக் கையால் வாயை மறைத்துச் சிரித்தவர் கண்ணாடியைக் கீழே வைக்கவே இல்லை.

"ஏங்க, கல்யாணத்துக்கு முன்னாடியே இதைப் பண்ணியிருக்கலாம்ல?" என்றாள் மனைவி.

"பண்ணியிருந்தா உன்னைவிட நல்ல இடமா பார்த்திருப்பேனே!"

ஒன்பது வயது மகளும் வந்திருந்தாள். அதே இடைவெளி அவளுக்கும் உண்டு. "அப்பா பல்லு" என்று எல்லோரிடமும் காட்டிப் பெருமையடித்துக்கொள்பவள்.

4
இங்கே அவளை, "அப்போ என் பல்லு தப்பாப்பா?" என்று கேட்க வைத்தேன். பிறகு நீக்கிவிட்டேன். எழுதுகிறவனுக்கு வசதியாகப் பேசும் குழந்தைகளை எனக்குப் பிடிக்காது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவோடு சேர்ந்து சிரித்தாள். பாதியில் உதட்டை மூடிக்கொண்டாள். அவர் அதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

"ஒட்டிடலாமா சார்?" என்றார் மருத்துவர். "ஒட்டிட்டா அப்புறம் உடைச்சுத்தான் எடுக்கணும். பழைய மாதிரி இடைவெளி வேணும்னா இப்பவே சொல்லுங்க, வேற செய்யச் சொல்றேன்."

5
முடிவு ஒன்று: அவர் எழுந்து மகளை...

முடிவு இரண்டு: [ஒரே அழுகை. கிழித்துவிட்டேன்.]

நான் "ஒட்டிடுங்க" என்றேன். மூன்று வருடமாகிறது. புகைப்படம் எடுக்கும்போதெல்லாம் என் மகள் வாயை மூடிக்கொள்கிறாள். எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் என் சிரிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது.

லிஃப்ட்காரர் இன்னும் பதில் சொல்லவில்லை. மருத்துவர் காத்திருக்கிறார். அவருக்காக நீங்கள் சொல்லுங்கள். ஆனால் அந்த மகளைப் பார்த்துக்கொண்டே சொல்லுங்கள். நான் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.