ஆறாவது தகப்பன் கணினிக்குள் இருக்கிறார்

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது நான் கற்பனை செய்த கதை இல்லை, பக்கத்து வீட்டுச் சுவர் வழியாகக் காதில் விழுந்தது. நாரின் என்ற கிர்கிஸ் மலையூரில் பதினெட்டு வருடமாகக் குடியிருக்கிறேன். இங்கே சுவர்கள் அப்படி. பக்கத்து வீட்டு ஷெய்ஷெனலி, ஓய்வுபெற்ற நில அளவையாளர், எதை வேண்டுமானாலும் எழுது, இதை மட்டும் எழுதாதே என்று என்னிடம் கேட்டுக்கொண்டார். எழுதுகிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘பனி கொட்டிய ஒரு காலையில், மலைகளுக்கு நடுவே—’ அடித்துவிட்டேன். பனி இங்கே ஐந்து மாதம் கொட்டுகிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. காலை பத்து மணி. மூன்று மணிக்கு எர்லிஸ் என்ற பையனின் வீட்டார் வந்து ஷெய்ஷெனலியின் மகள் அய்சிரெக்குக்குத் தோடு போடப்போகிறார்கள். தோடு ஏறிவிட்டால் நிச்சயம் ஆன மாதிரி. அவருடைய பழைய கணினியோ திறக்க மாட்டேன் என்கிறது.

2

கணினிக்கும் கல்யாணத்துக்கும் என்ன? சொல்கிறேன். கிர்கிஸ் வீட்டில் பிறந்தவன் அப்பா, தாத்தா என்று மேலேறித் தன் ஏழு தலைமுறைத் தகப்பன்மார் பெயரையும் தடுமாறாமல் ஒப்பிக்க வேண்டும். பெண்ணின் ஏழு பேரில் ஒருவர் பையனின் ஏழு பேரிலும் இருந்தால் இருவரும் பங்காளிப் பிள்ளைகள், அண்ணன் தங்கை முறை. பேச்சு அத்தோடு முடிந்தது.

ஷெய்ஷெனலி பன்னிரண்டு வருடம் கிழவர்களைத் தேடித்தேடிப் போய் வம்ச வரிசை முழுவதையும் கேட்டு வந்து கணினியில் ஏற்றியவர். ஏற்றிய பிறகு மனது அதை இறக்கி வைத்துவிட்டது. முந்தின நாள் மாலை எர்லிஸின் அப்பா தொலைபேசியில் தம் ஏழு பேரையும் ஒப்பித்தார். ஆறாவது பெயர் சாரிபாய். ‘எங்கேயோ பார்த்த பெயராச்சே’ என்று இவருக்குத் திக்கென்றது. தம்முடையதைச் சொல்லிப் பார்த்தார். ஐந்து வந்தது. ஆறாவது வரவில்லை. ஏழு பேர் தெரியாதவன் அடிமை என்று ஊர் இளவட்டங்களை ஏசிய அதே வாய்.

(நோட்டுப் புத்தகம் இல்லையா என்று கேட்கும் கெட்டிக்கார வாசகருக்கு: கணினி இருக்கிறதே என்று போன குளிர்காலத்தில் அடுப்புக்குக் கொடுத்துவிட்டார். சொல்லித் தந்த கிழவர்கள்? ஒருவரும் உயிரோடு இல்லை.)

3

இந்த இடத்தில் ஒரோஸ் வருகிறார். இவரை நான் முழுதாக நம்பவில்லை, கதைக்கு வசதியாக வந்து நிற்கிறார். ஆனால் நிஜமாகவே ஷெய்ஷெனலிக்கு அப்படி ஒரு நண்பர் உண்டு, ஒரு காலத்தில் கணினி பழுது பார்த்தவர். இரண்டு மணி நேரப் பயணத் தூரத்தில் இருக்கிறார், கணவாயில் பனி. தொலைபேசியிலேயே வைத்தியம்.

பொத்தானை அமுக்கினால் காற்றாடி சுற்றுகிறது, திரை கருப்பு. மின்வடத்தைப் பிடுங்கி மாட்டச் சொன்னார், மாட்டினார். திரையின் வடத்தை மாற்றச் சொன்னார், மாற்றினார். உள்ளே இருக்கும் வட்ட பேட்டரி செத்திருந்தாலும் செத்திருக்கும், ஆனால் அதற்காகப் பெட்டி இப்படிக் கத்தாது என்றார். ஆமாம், கத்தியது. நீளமாக ஒரு பீப், நிறுத்தம், மறுபடி நீளமாக ஒரு பீப். ஷெய்ஷெனலி பெட்டிக்குப் பக்கத்தில் தொலைபேசியைப் பிடித்து அதைக் கேட்கவைத்தார்.

“மெமரிதான்டா. கழட்டி ரப்பரால தேச்சு மாட்டு,” என்றார் ஒரோஸ். “தகப்பன் பேரப் பொட்டியில பூட்டி வச்ச மகராசன் உலகத்துலயே நீ ஒருத்தன்தான்.”

ஷெய்ஷெனலி மேசையில் ரப்பரைத் தேடி எடுத்தார். சமையலறையில் அவர் மனைவி புருல்சா விருந்தாளிகளுக்காகப் போர்சோக் என்ற மாவுத்துண்டுகளைப் பொரித்துக்கொண்டிருந்தாள், எண்ணெய் வாசனை வீடு முழுக்க. மணி ஒன்றே முக்கால்.

4

திருகாணிகளைக் கழற்றிப் பக்கவாட்டுத் தகட்டை எடுத்தார். தூசி. அதற்குக் கீழே மெமரி இருக்கவேண்டிய பள்ளம் காலி. அதன் இரண்டு பக்கத்துக் கொக்கிகளும் ஒழுங்காகத் திறந்து கிடந்தன. தானாகக் கழன்று போகிற சாமானா அது?

(இங்கே ‘அவருக்கு எல்லாம் புரிந்தது’ என்று எழுதியிருந்தேன். பொய். அவருக்குப் புரியப் பிடிக்கவில்லை.)

ஒரோஸிடம் அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டார். கதவருகே அய்சிரெக் நின்றிருந்தாள். புதுச்சட்டை போட்டிருந்தாள், தலை இன்னும் வாரவில்லை. உள்ளங்கையில் பச்சைப் பட்டையாக அந்த மெமரி, அது இல்லாமல் கணினி எழாது.

“நான்தான் கழட்டினேன்,” என்றாள். “நீங்க ராத்திரி அஞ்சு பேரையே திரும்பத் திரும்பச் சொன்னது கேட்டுச்சு. அந்த ஆறாவது ஆள் பேரு கேட்டதும் உங்க முகம் போன போக்கையும் பாத்தேன்.”

“நீ பட்டியலத் திறந்து பாத்தியா?”

“இல்லப்பா. பாக்கப் பயமா இருந்துச்சு. பாத்துட்டா அப்புறம் பாக்காத மாதிரி இருக்க முடியாது.”

5

மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில், பெயர் வேறு. எல்லாரும் தேநீர் குடிக்கிறார்கள். எழுதியவனுக்கே நம்பிக்கை வரவில்லை.

இரண்டில், ஆறாவது பெயர் சாரிபாய். அவர் திரும்பி மகளைப் பார்க்கிறா— மேலே ஓடவில்லை. அவளை ஐந்து வயதிலிருந்து எனக்குத் தெரியும்.

மூன்றில், பட்டையை அடுப்பில் போட்டுவிட்டு, மனதுக்கு வந்த இரண்டு பெயரை வந்தவர்களிடம் ஒப்பிக்கிறார். இதுதான் எளிது. ஆனால் பேரன் வளர்ந்து, தாத்தா, ஏழு பேர் சொல்லிக் கொடு என்று கேட்பான்.

6

இதற்கப்புறம் நடந்ததில் ஒரு பகுதிதான் சுவர் வழியாக வந்தது. வாசலில் இரண்டு கார் வந்து நின்றன. சம்பந்திகள் சீக்கிரமே வந்துவிட்டார்கள். புருல்சா கையைத் துடைத்துக்கொண்டு ஓடினாள். அய்சிரெக் பட்டையைத் தகப்பன் கையில் வைத்தாள்.

“நீங்க போடச் சொன்னா நானே போட்டு ஆன் பண்றேன். வேணாம்னா தூக்கிப் போட்டுடறேன். எதுன்னாலும் நீங்க வாயால சொல்லணும்ப்பா. அப்புறமா உங்களால தூங்க முடியலன்னு என்கிட்ட வரக் கூடாது.”

வெளியே கார்க் கதவுகள் சாத்தும் சத்தம், சிரிப்பு. அதில் அவர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எழுதியிருப்பேனா, தெரியாது. அவர் சொன்னதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், இடம் விட்டிருக்கிறேன். ஒரே ஒரு நிபந்தனை. தரையைப் பார்த்துக்கொண்டு எழுதக் கூடாது, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு எழுத வேண்டும்.

“                              ”